மீன் தொட்டியில் வந்த பச்சை

பதினெட்டு ஆண்டுகளாக ஒளிச்சேர்க்கைப் பாடம் நடத்தி வருகிறேன். கரும்பலகையின் மூலையில் சூரியன், நடுவில் ஓர் இலை, கீழே வேர், சுற்றிலும் அம்புக்குறிகள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். அதே பாடம் என் வீட்டுக் கூடத்தில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குள் நடந்துகொண்டிருந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவினேன். மூன்று நாளில் ஏழு மீன்கள் செத்துப்போயின.

வீட்டிலோ பள்ளியிலோ மீன் தொட்டி வைத்திருக்கும் ஆசிரியர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. தண்ணீர் பச்சையாவதைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். நான் செய்த தவற்றை அவர்களுக்காக எழுதுகிறேன். அந்தத் தவற்றிலிருந்து ஏழாம் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்த நான்கு பாட்டில்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

தொட்டி என் மகளுக்காக வாங்கியது. ஆறு கப்பி, நான்கு மோலி. கிழக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைத்தோம், காலை வெயில் பட்டால் மீன்கள் அழகாக மின்னும் என்று. மேலே ஓர் எல்.இ.டி. விளக்கு. காலை ஆறு மணிக்குப் போட்டால் இரவு பத்து மணிக்குத்தான் அணைப்போம். மூன்றாவது வாரம் கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் வந்தன. நான்காவது வாரம் தண்ணீரே பட்டாணி வேகவைத்த தண்ணீர்போல் ஆகிவிட்டது. பின்பக்கம் நீந்தும் மீன் முன்பக்கம் தெரியவில்லை.

கடைக்காரரிடம் கேட்டேன். நீல நிறத்தில் ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். "பத்துச் சொட்டு விடுங்க மேடம், ரெண்டு நாள்ல கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்றார். அது வேண்டாமென்றால் பாசி தின்னும் சக்கர் மீன் ஒன்று வாங்கிப் போகச் சொன்னார். இரண்டையும் வாங்கவில்லை. சிக்கனம்தான் காரணம், அறிவு அல்ல. ஞாயிற்றுக்கிழமை நானே களத்தில் இறங்கினேன். தண்ணீர் முழுவதையும் கொட்டினேன். கூழாங்கற்களை வாளியில் போட்டு அரிசி களைவதுபோல் ஏழெட்டு முறை களைந்தேன். வடிகட்டியின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கினேன். நகராட்சிக் குழாய்த் தண்ணீரை நேராகப் பிடித்து நிரப்பினேன். மாலையில் தொட்டி பளபளவென்று இருந்தது. அக்கம்பக்கத்தார்கூட வந்து பார்த்தார்கள்.

திங்கள் காலை இரண்டு மோலிகள் மல்லாந்து கிடந்தன. புதன்கிழமைக்குள் மொத்தம் ஏழு. மிஞ்சியவை இரண்டு பெண் கப்பிகளும் ஒரு மோலியும். மகள் அழவில்லை. "நீங்க சயின்ஸ் டீச்சர்தானேம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஒன்பதாம் நாள் தண்ணீர் மறுபடி பச்சையாகத் தொடங்கியது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். மீன்களைக் கொன்றவை இரண்டு. ஒன்று குளோரின். குடிநீரில் கிருமிகளைக் கொல்லக் கலப்பது மீனின் செவுள்களையும் அரிக்கும். குழாய்த் தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருந்தாலோ, மீன் கடைகளில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் கரைசலைச் சில சொட்டுகள் விட்டாலோ குளோரின் போய்விடும். இது எனக்குத் தெரிந்ததுதான், அன்று அவசரத்தில் மறந்துவிட்டேன்.

இரண்டாவது காரணம், நான் வெள்ளையாகப் பிழிந்த அந்த ஸ்பாஞ்ச். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளிவிடுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகும்போதும் அம்மோனியா வருகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஸ்பாஞ்சிலும் கூழாங்கற்களிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சுதான். வேறு பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் மீனுக்கு அவ்வளவு தீங்கில்லாதது. அவரை வேரின் முண்டுகளைக் காட்டி நாம் நடத்தும் அதே நைட்ரஜன் சுழற்சியின் இன்னொரு பகுதி இது. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக் கூட்டம் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். எங்கள் தொட்டியில் அது உருவாகி முடியும் நேரத்தில் நான் அதைச் சாக்கடையில் பிழிந்து விட்டேன்.

பச்சை ஏன் திரும்பி வந்தது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. நைட்ரேட் என்பது உரம். மீன் தீனியில் பாஸ்பேட்டும் இருக்கிறது, அதுவும் உரம். உரமும் பதினாறு மணி நேர வெளிச்சமும் கொடுத்தால் எந்தப் பயிர்தான் வளராது? தண்ணீரைப் பச்சையாக்குபவை குளோரெல்லா, கிளாமிடோமோனாஸ் போன்ற ஒருசெல் பாசிகள். கண்ணுக்குத் தெரியாத அளவில் எந்தத் தண்ணீரிலும் சில இருக்கும். நான் தண்ணீரைக் கொட்டியபோது விளைச்சலை மட்டும் அறுத்தேன். வெயிலும் உரமும் அப்படியே இருந்தன.

வெளிச்சத்துக்குக் காரணம் நான். உரத்துக்கு? மகள் காலையில் தீனி போடுவாள், நான் மாலையில் போடுவேன். இரண்டு வேளை, அதுவும் கொஞ்சமாக. ஆனால் தீனி டப்பா மாதக் கடைசிக்கு முன்பே காலியாவது எனக்குப் புதிராக இருந்தது. ஒரு நாள் மாமியாரிடம் கேட்டேன்.

"நான்தாம்மா விடியக்காலையில கொஞ்சம் போடுவேன். பாவம், எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. ராத்திரி பூரா பட்டினி கிடந்திருக்கும்ல?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தண்ணீர் பச்சையாக இருந்த நாட்களில், காலை ஐந்து மணிக்குச் சமையலுக்கு எழும்போது, மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதை நானும் பார்த்திருக்கிறேன். மாலை நான்கரைக்குப் பள்ளியிலிருந்து திரும்பும்போது அவை கீழே சாதாரணமாக நீந்தும். நானும் பசி என்றுதான் நினைத்தேன்.

அது பசியில்லை, மூச்சுத் திணறல். பகலில் கோடிக்கணக்கான பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து தண்ணீரில் ஆக்ஸிஜனை நிறைக்கின்றன. இரவில் அது நின்றுவிடுகிறது. ஆனால் பாசிகள் சுவாசிப்பது நிற்பதில்லை. மீனும் பாக்டீரியாவும் பாசியும் ஒரே தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனை இரவு முழுவதும் பங்கிட்டு, விடியும் நேரத்தில் இருப்பு மிகக் குறைந்துவிடுகிறது. அதனால் மீன்கள் காற்றைத் தொடும் மேல்மட்டத்துக்கு வருகின்றன. அதைப் பார்த்து இரங்கி அத்தை தீனி போடுகிறார். தீனி உரமாகிறது, பாசி பெருகுகிறது, அடுத்த விடியலில் திணறல் கூடுகிறது, அத்தையின் இரக்கமும் கூடுகிறது.

"தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும்" என்று விடைத்தாளில் எழுதும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். பகலிலும் சுவாசிக்கும் என்று நாம் திருத்துவோம், அடுத்த தேர்விலும் அப்படியே எழுதுவார்கள். இந்த விடியற்காலை மீன்களைப் பற்றி வகுப்பில் சொன்ன பிறகு அந்தத் தவறு என் வகுப்பில் வெகுவாகக் குறைந்தது. பகலில் பாசி தான் செலவழிப்பதைவிட அதிகமாக ஆக்ஸிஜனைத் தயாரிக்கிறது, இரவில் செலவு மட்டும்தான் என்று வரவு செலவுக் கணக்காகச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

இனி நான் செய்த மாற்றங்கள். தொட்டியை ஜன்னலிலிருந்து எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். விளக்கு ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் மட்டும். தீனி ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீர் மாற்றுவது. தொட்டி 60 செ.மீ. நீளம், அகலமும் உயரமும் 30 செ.மீ.; பெருக்கினால் 54,000 கன செ.மீ., அதாவது 54 லிட்டர். கால்பங்கு என்பது பதின்மூன்றரை லிட்டர், ஏறக்குறைய ஒரு குடம். கன அளவு நடத்தும் கணக்கு ஆசிரியர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். ஸ்பாஞ்சை இப்போது குழாயில் கழுவுவதில்லை. தொட்டியிலிருந்து எடுத்த அந்த ஒரு குடம் தண்ணீரிலேயே லேசாக இரண்டு முறை அமுக்கி எடுக்கிறேன். அந்தத் தண்ணீர் பிறகு கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது. செடி அதைப் பாசியைப்போலவே விரும்புகிறது.

ஹைட்ரில்லா கொஞ்சம் நட்டோம். ஒளிச்சேர்க்கைச் சோதனைக்குப் புனலுக்குள் கவிழ்த்து வைப்போமே, அதே செடி. ஒரு மணி பிளாண்ட் கொடியின் வேரை மட்டும் தண்ணீரில் தொங்கவிட்டோம். இவை வேகமாக வளர்ந்து நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்வதால் பாசிக்குப் போட்டி. ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயல்களுக்கு நடுவே இருக்கும் கிணறுகளில் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கலாம். இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். பாசி வளர அதைவிட மிகக் குறைவே போதும்.

ஏற்கெனவே பச்சையாகிவிட்ட தண்ணீருக்கு இருட்டடிப்புச் செய்தோம். முதலில் கால்பங்குத் தண்ணீரை மாற்றி, தொட்டியை நான்கு நாட்களுக்குப் போர்வையால் முழுவதும் மூடினோம். அந்த நாட்களில் தீனி கிடையாது. நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த மீன் நான்கு நாள் பட்டினியைத் தாங்கும். ஆனால் காற்று மோட்டார் இரவும் பகலும் ஓட வேண்டும், அதில் சமரசம் கூடாது. ஒளி இல்லாமல் சாகும் பாசி அழுகும்போது ஆக்ஸிஜனைத் தின்னும், அம்மோனியாவை விடும். ஐந்தாம் நாள் போர்வையை எடுத்ததும் மீண்டும் கால்பங்குத் தண்ணீர் மாற்றினோம். ஒரே முறையில் தெளிந்துவிடவில்லை. தண்ணீர் முழுவதும் தெளிய மூன்று வாரங்கள் ஆயின.

அந்த நீல பாட்டிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாசிக் கொல்லிகள் சிலவற்றில் தாமிர உப்பு இருக்கும். தாமிரம் பாசியைக் கொல்லும், நத்தையையும் இறாலையும் கொல்லும், அளவு மிஞ்சினால் மீனையும். வேலை செய்தாலும் பாசி மொத்தமாக ஒரே நாளில் செத்து அழுகுவது ஆபத்து. சக்கர் மீன் அதைவிட மோசமான யோசனை. கண்ணாடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டித் தின்னும், தண்ணீரில் மிதக்கும் பச்சையைத் தொடாது. விரல் நீளத்தில் வாங்குவது ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் வைத்திருக்க முடியாமல் ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். அங்கே பெருகி மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது, நாட்டு மீன்களின் இரையைப் பறிக்கிறது. மாணவர்கள் யாராவது "சக்கர் பெரிசாயிடுச்சு, குளத்துல விடப்போறேன்" என்று சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

கண்ணாடியில் படியும் பச்சைப் புள்ளிக்குப் பழைய ஏ.டி.எம். அட்டை போதும், சாய்த்துச் சுரண்டினால் வந்துவிடும். கரும்பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ, வழவழப்பான போர்வைபோல் படர்ந்து, நாற்றமடித்தால் அது பச்சைப் பாசி அல்ல. நீலப்பசும்பாசி என்று நாம் சொல்லும் சயனோபாக்டீரியா. அதில் சில வகைகள் நஞ்சு சுரக்கும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஈரி ஏரியில் இது பெருகியபோது, டொலிடோ நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று சில நாட்கள் தடை விதிக்க வேண்டியிருந்தது.

நான்கு பாட்டில்கள்

இதையெல்லாம் ஏழாம் வகுப்பில் கதையாகச் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்தான். "டீச்சர், எங்க வயல்லயும் டி.ஏ.பி. போட்டா பாசி புடிக்குது. அதுவும் இதுவும் ஒண்ணா?" என்று கேட்டான். "உங்கப்பா அதுக்கு என்ன செய்வார்?" என்றேன். "தண்ணிய வடிச்சுட்டு ரெண்டு நாள் காயப்போடுவாரு. காய்ச்சலும் பாய்ச்சலுமா விடணும்னு சொல்லுவாரு." என் மீன் தொட்டிக்கு நான் தேடி அலைந்த விடையில் பாதி அந்த வீட்டில் பழக்கமாகவே இருந்திருக்கிறது.

ஒளியா, உரமா, எது காரணம்? சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு லிட்டர் பாட்டில்கள் நான்கு எடுத்தோம். எல்லாவற்றிலும் பிடித்து வைத்த மழைநீர். என் வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த பச்சைத் தண்ணீரில் ஒவ்வொன்றிலும் 50 மி.லி. இரண்டு பாட்டில்களில் மட்டும் மூன்று மூன்று டி.ஏ.பி. குருணைகள். உரமுள்ளது ஒன்று, உரமில்லாதது ஒன்று எனச் சோடி சேர்த்து, ஒரு சோடியை ஜன்னலிலும் மறு சோடியை அலமாரிக்குள்ளும் வைத்தோம். வாயைத் துணியால் கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கொசு முட்டையிடும். உரத்தைப் பிள்ளைகள் கையால் தொடாமல் கரண்டியால் போடட்டும், முடிந்ததும் சோப்பால் கை கழுவட்டும்.

தொடங்கும் முன் கணிப்பு எழுதச் சொன்னேன். பாதிக்கு மேற்பட்டவர்கள் உரம் போட்ட இரண்டும் பச்சையாகும் என்று எழுதினார்கள். "உரம் போட்டாச்சே டீச்சர்" என்பதுதான் காரணம். பச்சையை எப்படி அளப்பது என்ற கேள்வி வந்தது. ஒரு மாணவி பாட்டிலுக்குப் பின்னால் பழைய வினாத்தாளைப் பிடித்துப் பார்த்தாள். தலைப்பு எழுத்து தெரிகிறதா, கேள்வி எழுத்து தெரிகிறதா என்று தினமும் குறித்தோம். நான் சொல்லிக்கொடுத்த முறையைவிட அது நன்றாக இருந்தது.

பத்து நாட்களில் ஜன்னலோரம் இருந்த உரப் பாட்டிலில் தலைப்பு எழுத்தும் மறைந்துவிட்டது. உரமில்லாத ஜன்னல் பாட்டில் வெளிறிய பச்சை. அலமாரியில் இருந்த இரண்டும் வெளுத்துத் தெளிந்திருந்தன. பதினைந்தாம் நாள், அலமாரி உரப் பாட்டிலை ஜன்னலுக்கு மாற்றிப் பார்க்கலாமே என்றார்கள். ஒரு வாரத்தில் அதுவும் பச்சை. அலமாரிப் பாட்டில்களைத் தினமும் திறந்து திறந்து எட்டிப் பார்த்ததால் முதல் முறை செய்த சோதனை வீணாகிப்போனதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் முறை அலமாரிச் சாவியை வகுப்புத் தலைவியிடம் கொடுத்துவிட்டேன்.

இதே சோதனையை ஒரு ஏரி முழுவதிலும் செய்திருக்கிறார்கள். 1973இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்னும் அறிவியலாளரின் குழு, 226 என்று எண்ணிடப்பட்ட ஏரியின் குறுக்கே பெரிய திரை ஒன்றைக் கட்டி அதை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் சேர்த்த பாதி பச்சையாகிவிட்டது, மற்றது தெளிவாகவே இருந்தது. மேலிருந்து எடுத்த அந்தப் படத்தை வகுப்பில் காட்டினேன். "நம்ம பாட்டில் மாதிரியே இருக்கு" என்றார்கள். சோப்புத் தூளில் பாஸ்பேட்டைக் குறைக்க வேண்டும் என்று சில நாடுகள் சட்டம் கொண்டுவர அந்தப் படமும் ஒரு காரணம்.

மெழுகுவத்தியும் புதினாச் செடியும் வைத்துச் சோதனை செய்த பிரீஸ்ட்லியை நம் பிள்ளைகள் அறிவார்கள். தண்ணீர் நிரப்பி வெளிச்சத்தில் வைத்த அவருடைய ஜாடிகளிலும் பச்சையாக ஒன்று படிந்து, குமிழி குமிழியாகத் தூய காற்றை விட்டது. அதைப் பச்சைப் பொருள் என்று மட்டும் குறித்தார். அது உயிருள்ள தாவரம் என்று அவருக்கு முதலில் தோன்றவில்லை. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வீட்டில் இப்போது தீனி டப்பாவை மேல் அலமாரியில் வைத்துவிட்டோம். அன்றன்றைக்கான அளவை ஒரு சின்ன மாத்திரை டப்பாவில் போட்டு அத்தையிடம் கொடுத்துவிடுகிறோம். போடுவது அவர்தான், காலை எட்டு மணிக்கு. "இவ்வளவுதானா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்.

ஆண் மீன் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? பெண் கப்பி ஆணின் விந்தணுவைப் பல மாதங்கள் தன் உடலில் சேமித்து வைத்துக்கொள்ளும். ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் ஹைட்ரில்லா இலைகளுக்கு நடுவே கடுகளவுக் கண்களோடு பதினொரு குஞ்சுகளை மகள் எண்ணினாள். சிலவற்றை மோலி தின்றுவிட்டது, ஆறு பிழைத்துக்கொண்டன. முன்பக்கக் கண்ணாடியை மட்டும் ஏ.டி.எம். அட்டையால் சுத்தம் செய்கிறேன். பின்பக்கக் கண்ணாடியில் படிந்திருக்கும் பச்சையைச் சுரண்டக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். குஞ்சுகள் பகல் முழுவதும் அங்கேதான் மேய்கின்றன.